சேர்ந்தது என்று சொல்லும்வரை

கீங்... கீங்... கீங்...

ஆடி மாதத்து மூட்டம் மலைமேல் இறங்கிவிட்டால் எங்கள் ரூம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன். சத்தம் நெருங்கியதும் கையை நீட்டினால் இரும்புக் கதவு தட்டுப்படும். உள்ளே, பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் கத்திக்கொண்டிருக்கும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று ஊராருக்காகக் கவலைப்படுவதுதான் என் தொழில். அதிலும் ராத்திரி ஷிப்ட்.

ஜவ்வாது மலையில் ஒரு டவர், டவரின் காலடியில் ஒரு ரூம், ரூமுக்குள் நான். மேலே கட்டியிருக்கும் டிஷ் திருப்பத்தூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். மலைக்காரர்கள் கீழே அனுப்புவதும் கீழே இருப்பவர்கள் மேலே அனுப்புவதும் இந்த டிஷ் வழியாகக் காற்றில்தான் போய் வருகிறது. கம்பி கிடையாது. மழையோ மூட்டமோ குறுக்கே வந்தால் வழியில் கொஞ்சம் சிந்தும். சிந்தியதை மறுபடி அனுப்பிச் சரிக்கட்டுவது மெஷினின் வேலை. மெஷினுக்குக் கரண்ட் கொடுப்பதும், "ஏன் சுத்திக்கினே கீது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் கொடுப்பதும் என் வேலை. போன் திரையில் சுற்றும் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது நீங்கள் யாரையோ திட்டியிருப்பீர்கள். அந்த யாரோ, என்னை மாதிரி ஓர் ஆள்தான். அவனும் உங்களோடு சேர்ந்து அதே வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன் நான். அந்தத் தொழில் படுத்த பிறகு, நெட்டைப் பார்த்தே நெட்டைக் கற்றுக்கொண்டேன். பகலில் தூக்கம் பிடிக்காது. ராத்திரி சும்மா உட்காரப் பிடிக்காது. கலசப்பாக்கத்தில் அக்கா வீடு இருக்கிறது. போனால் ஒரு நாளைக்கு மேல் கால் நிற்காது. கொஞ்சமாவது நிற்பது இந்த ரூமில்தான்.

அந்த ரூமை மூடிவிடலாம் என்று திருப்பத்தூரில் இருக்கும் முதலாளி முடிவுக்கு வந்திருந்தார். ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. மலையில் இருக்கும் சுகாதார நிலையத்திலிருந்து ஈசிஜியை எங்கள் லைன் வழியாகக் கீழே இருக்கும் டாக்டருக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். ஆடி முடிவதற்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் லைன் நிற்கும், ரூமும் நிற்கும், நானும் நிற்பேன். இல்லையென்றால் டவரைக் கழற்ற ஆள் வரும். முதலாளி பேசி மிரட்டுகிற ஆள் இல்லை. மாதா மாதம் பஸ்ஸில் ஏற்றிவிடும் டிஸ்டில் வாட்டர் கேனை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். மூடப்போகிற ரூமின் பேட்டரிக்குத் தண்ணீர் எதற்கு? மிச்சமிருந்த கடைசிக் கேனைக் குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் தீர்ந்தது. மேலே கேட்டீர்களே, அந்தக் கீங் கீங், அது அதனால்தான்.

கேக்குதா?

வெள்ளையன் மாமாவுக்குச் சாமை, புளி, ஒரு மகன். சாமையும் புளியும் மலையில். மகன் குமார் திருப்பத்தூரில் மளிகைக் கடையில். பொழுது சாய்ந்ததும் மாமா எங்கள் ரூம் வாசலுக்கு வந்துவிடுவார். டவருக்குக் கீழே நின்றால் சிக்னல் தானாகத் தலையில் கொட்டும் என்று அவர் எண்ணம். போனைக் காதில் வைத்தால் "கேக்குதா?" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து "கேக்குதுப்பா, நான் பேசறது உனுக்கு கேக்குதா?" என்று வரும். "கேக்குதுடா" என்பார் இவர்.

இந்த மூன்று வார்த்தைதான் எங்கள் தொழிலின் பிள்ளையார் சுழி. இரண்டு கம்ப்யூட்டர் பேசத் தொடங்கும் முன்னால் இதே மாதிரிதான் கேட்டுக்கொள்ளும். பேசலாமா என்று ஒன்று கேட்கும். பேசலாம், நான் சொல்வது உனக்கு எட்டுகிறதா என்று மற்றது கேட்கும். எட்டுகிறது என்று முதலாவது சொல்லும். மூன்றாவது பதில் வந்ததும் சரக்கை அனுப்பத் தொடங்கிவிடும். ஆனால் வெள்ளையன் மாமா மூன்றோடு நிறுத்த மாட்டார். "இப்ப கேக்குதா?" என்று நாலு அடி தள்ளி நின்று கேட்பார். புளியமரத்துப் பக்கம் போய்க் கேட்பார். மெஷினாக இருந்தால் எப்போதோ சலித்துப் போயிருக்கும். குமார் சலிக்காமல் "கேக்குது, கேக்குது" என்றே சொல்லிக்கொண்டிருப்பான். ஒருநாள் அப்படியே பேச்சு முடிந்து போனை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினார். அவ்வளவு நேரம் பேசினீர்களே, என்ன சேதி என்று கேட்டேன்.

"சேதி இன்னா சேதி? அவனுக்கு கேக்குது, எனுக்கும் கேக்குது. அதான் சேதி."

ஒரு கல்யாணம், மூன்று ஜீப்

வெள்ளையன் மாமாவின் அண்ணன் மகளுக்குப் படவேட்டுக் கோயிலில் கல்யாணம். மலையிலிருந்து ஆட்களை இறக்க ஜீப் வேண்டும். ஜீப்காரர் மாணிக்கம் எங்கள் ஊர்தான்; அன்றைக்குச் சவாரியாகக் கீழே படவேட்டில் இருந்தார். மாமா போனில், "விடிகாலைல ஜீப்பு வோணும்" என்று எழுதி அனுப்பினார். மழை. லைன் படுத்துவிட்டது. பதில் இல்லை. இன்னொரு தரம் அனுப்பினார். பதில் இல்லை. கோபம் வந்து மூன்றாம் தரம் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டார். மழை விட்டதும் மூன்றும் சேர்ந்தாற்போல் மாணிக்கத்தின் போனில் போய் விழுந்தன. மாணிக்கம் கணக்குப் பார்த்தார். கூட்டம் பெரிது போலிருக்கிறது என்று படவேட்டுக் கூட்டாளிகள் இருவரையும் எழுப்பினார். விடியலில் மலைப்பாதையில் மூன்று ஜீப்புகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்ததைப் பார்த்து பெண் வீட்டாரே ரோட்டுக்கு ஓடிவந்தார்கள்.

மெஷினும் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பத்தான் செய்யும். ஆனால் அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் போட்டுத்தான் அனுப்பும். அதே எண் இரண்டாம் தரம் வந்தால், எதிர்ப்பக்கம் சத்தமில்லாமல் ஓரமாகப் போட்டுவிட்டு, வந்துவிட்டது என்று மட்டும் சொல்லும். நம் கையால் மறுபடி அழுத்தினால் அப்படி இல்லை. அது புதுச் சேதி, புது எண். மெஷினுக்கு அது மூன்று ஜீப்தான். இதை நான் மாமாவுக்கு விளக்கப் போனபோது, இரண்டு ஜீப்பை நிரப்ப ஆள் தேடி அவர் பக்கத்து ஊர் வரைக்கும் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பம் அன்றைக்குப் படவேட்டில் பாயசம் சாப்பிட்டது. ஏம்பா, ஒரு ஜீப் போதும் என்று உனக்குத் தெரியாதா என்று மாமா கேட்டதற்கு மாணிக்கம் சொன்னது:

"ஒரு தரம் கேட்டா ஒரு ஜீப்பு, மூணு தரம் கேட்டா மூணு ஜீப்பு. நான் இன்னா மாமா உன் மனசுக்குள்ள பூந்து பாத்தனா?"

புளி மூட்டையின் முடிச்சு

எங்கள் பக்கத்தில் புளி மூட்டை கட்டுவதில் வீட்டுக்கு வீடு ஒரு முடிச்சு உண்டு. வெள்ளையன் வீட்டு முடிச்சு சாக்கின் காதை மடக்கி இரண்டு தரம் உள்ளே விட்டு இழுப்பது. அவர்கள் வீட்டு ஆளைத் தவிர வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். மூட்டையைப் பஸ் மேலே போட்டுவிட்டால், திருப்பத்தூரில் குமார் முதலில் பார்ப்பது முடிச்சைத்தான். முடிச்சு வீட்டு முடிச்சாக இருந்தால் மூட்டையை யாரும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். இறக்கிக்கொண்டு, "வந்துடுச்சி" என்று போன் அடிப்பான். அந்தப் போன் வரும்வரை மாமா இங்கே சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்.

எங்கள் லைனிலும் இப்படித்தான். ஒவ்வொரு துண்டையும் அனுப்பும் முன்னால் அதற்குள் இருப்பதையெல்லாம் கூட்டி, ஒரு சின்ன அடையாளத்தை முடிச்சாகப் போட்டுத்தான் அனுப்பும். வாங்குகிற பக்கம் அதே மாதிரி கூட்டிப் பார்க்கும். முடிச்சு மாறியிருந்தால், வழியில் ஏதோ கெட்டுவிட்டது; கேள்வியே கிடையாது, தூக்கிப் போட்டுவிடும். வந்தது என்று பதிலும் போகாது. பதில் போகாததால், அனுப்பியவன் தன்னிடம் வைத்திருக்கும் நகலிலிருந்து இன்னொன்று அனுப்புவான். பதில் வரும்வரை நகலை யாரும் கீழே வைப்பதில்லை. அதுதான் இந்தத் தொழிலின் ஒழுக்கம்.

ஒரு தரம் கொண்டை ஊசி வளைவில் மூட்டை சரிந்து வாய் பிரிந்துவிட்டது. கண்டக்டர் நல்ல மனுஷர். சிந்தியதைக் கூட்டி அள்ளிப் போட்டு, தனக்குத் தெரிந்த முடிச்சாகப் போட்டுக் கட்டிவிட்டார். குமார் முடிச்சைப் பார்த்தான். நம்ம வீட்டு முடிச்சு இல்லை, வேண்டாம் என்று அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிட்டான். மாமா அதைப் பிரித்துப் பார்த்து, கல் பொறுக்கி, வீட்டு முடிச்சுப் போட்டு மறுநாள் மறுபடி ஏற்றினார். மேலே தூக்கிப் போடும்போது கண்டக்டர் சொன்னார்:

"உங்க புளி என்னவிட அதிகமா மலை ஏறி எறங்குதுங்க. அதுக்கு ஒரு பாஸ் எடுத்துடுங்க."

மாலையோடு வந்த மகன்

வெள்ளையன் மாமா எழுதுவதை விட்டுவிட்டுக் குரலில் பேசி அனுப்பப் பழகிக்கொண்ட காலம். அவர் வீட்டில் வயதான உழவு மாடு ஒன்று படுத்த படுக்கையாக இருந்தது. மச்சினர், அதாவது குமாரின் தாய்மாமன், அவரும் காய்ச்சலில் அதே வீட்டில் படுத்திருந்தார். மாமா முதலில் ஒரு நீளமான சேதி பேசி அனுப்பினார். மாடு எப்போது தீனி விட்டது, வைத்தியர் என்ன சொன்னார், எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ராமாயணமாக. அது பெரிய சேதி, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டாவதாக ஒரு சின்னச் சேதி அனுப்பிவிட்டார். "முடிஞ்சிப்போச்சிடா. பொழுதோட பொதைக்கணும், வந்து சேரு." சின்னது ஓட்டமாக ஓடி முன்னால் போய் நின்றுவிட்டது.

ஒரே சேதிக்குள் இருக்கும் துண்டுகள் முன்னே பின்னே வந்தாலும் மெஷின் எண்ணைப் பார்த்து வரிசையில் அடுக்கிவிடும். நடுவில் ஒன்று வராவிட்டால், வந்ததையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்கும். ஆனால் தனித்தனிச் சேதி என்றால் அவரவர் பாடு. குமார் அழுதுகொண்டே பஸ் ஏறினான்; ஏறும் முன்னால் பெரிய ரோஜா மாலை ஒன்றும் வாங்கிக்கொண்டான். ஸ்டாப்பில் இறங்கினால், காய்ச்சல் தேறிய தாய்மாமன் சால்வையைப் போர்த்திக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பையனையும் பார்த்தார், மாலையையும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே விஷயம் விளங்கிவிட்டது. டீயைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"வாங்கினது வாங்கிட்ட, மாட்டுக்கே போட்டுடு. எனுக்கு இன்னொரு தரம் வாங்கிக்கலாம்."

கூழ் ஊற்றும் கை

முதல் பரீட்சையில் நாங்கள் தோற்றோம். ஆடி பிறந்ததும் சுகாதார நிலையத்து நர்ஸ் கௌசல்யா ஈசிஜி மெஷினில் தன் நெஞ்சையே எடுத்து, மாதிரிக்காகக் கீழே டாக்டருக்கு அனுப்பினார். அவருக்கும் இது விளையாட்டு இல்லை. நெஞ்சு வலி என்று யார் வந்தாலும், வாயுவா வேறெதுவா என்று தெரியாமல் இருட்டில் அத்தனை வளைவிலும் ஜீப்பில் இறக்க வேண்டியிருந்தது. இறங்கும்போது உட்கார்ந்திருக்கும் ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று ஒரு தரம் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அனுப்பிய நேரம் கிரிக்கெட் நேரம். மலை முழுக்க ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஈசிஜி நகரவில்லை. கௌசல்யா பயந்து நிறுத்தினார், மறுபடி அழுத்தினார், மறுபடி நிறுத்தினார், மறுபடி அழுத்தினார். லைன் இன்னும் அடைத்துக்கொண்டது. டாக்டருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. முதலாளி போனில் "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம் இன்னும் ஒரு தடவைதான் என்பது.

மறுநாள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மனசு சரியில்லாமல் போய் ஓரமாக நின்றேன். ஊற்றியது மாணிக்கத்தின் மனைவி பொன்னம்மா. நீட்டிய சொம்பில் முதலில் அரைக் கரண்டி. வழியவில்லை என்றால் ஒரு கரண்டி, அப்புறம் இரண்டு என்று கை ஏறிக்கொண்டே போகும். எங்கேயாவது வழிந்துவிட்டால் உடனே பாதியாகக் குறைத்து, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். மெஷினும் இப்படித்தான் அனுப்பும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, எல்லாச் சொம்பும் ஒரே நேரத்தில் நீண்டால் பாவம் கடைசிச் சொம்புக்கு எப்போது கூழ் கிடைக்கும்? சுகாதார நிலையத்துச் சொம்பை மட்டும் வரிசையில் முன்னால் நிறுத்த வேண்டும். ரூமுக்குப் போனதும் முதல் வேலையாக அதைச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றதில் என் முறை வந்தது தெரியவில்லை. பொன்னம்மா கரண்டியைத் தூக்கியபடியே சொன்னார்:

"வேணும்னா சொம்ப நீட்டுணா. கரண்டியயே பாத்துக்கினு நின்னா வயிறு ரொம்பாது."

மாணிக்கத்தின் நெஞ்சு

ஆடி முடியப் போகிற ஒரு சாயங்காலம். நான் மூட்டத்தில் கீங் கீங் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ரூமுக்கு ஏறி வந்து கதவைத் திறக்கிறேன். கீழே சுகாதார நிலையத்து வாசலில் ஜீப் நிற்கும் சத்தம். மாணிக்கம் தானே ஓட்டிக்கொண்டு வந்து, இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். கூட பொன்னம்மா. ஊரில் ஜீப் ஓட்டி இறக்கத் தெரிந்த ஒரே ஆள், படியில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். கரண்ட் இல்லை. பேட்டரியில் தண்ணீர் அளவு காட்டும் மிதவை அடியில் கிடக்கிறது. கௌசல்யா ஈசிஜி எடுத்து அனுப்பத் தொடங்கிவிட்டார்.

நான் முதலில் மற்ற எல்லா லைனையும் அணைத்தேன். மலையில் ஒரு வீட்டிலும் படம் ஓடவில்லை. ஏன் சுற்றுகிறது என்று கேட்க வெள்ளையன் மாமா வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், என் ரூமுக்கும் சுகாதார நிலையத்துக்கும் நடுவில் பாதையில் போய் நின்றுகொண்டார். இன்வெர்ட்டர் அடிக்கடி தட்டித் தட்டி அணைவதால் நான் அதை விட்டு நகர முடியாது. மூட்டத்தில் என் குரல் அங்கே எட்டாது. நடுவில் நின்று வாங்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மாமா அதற்கென்றே பிறந்தவர். என்ன ஒன்று, ஒவ்வொரு தடவையும் முதலில் "கேக்குதா?" என்று கேட்டு, "கேக்குது" என்று பதில் வாங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்.

பாதியில் லிங்க் அறுந்தது. அங்கே வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது. நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தட்டுமா என்று கௌசல்யா கேட்பதாக மாமா குரல் வந்தது. வேண்டாம், கையை வைக்காதே என்று கத்தினேன். பதில் வராவிட்டால் மெஷின் நம்மைப்போல் பதறாது. கொஞ்சம் காத்திருந்து அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் அதைப்போல் இரண்டு மடங்கு காத்திருந்து அனுப்பும். போய்ச் சேர்ந்தது எதுவரை என்று அதற்குத் தெரியும்; விட்ட இடத்திலிருந்து தொடரும். நாம் நிறுத்தினால்தான் முதலிலிருந்து. இதையெல்லாம் மூட்டத்தில் கத்திச் சொல்ல முடியுமா? மாமா தன் பாஷையில் சுருக்கிச் சொல்லிவிட்டார்: "கேக்குதாம்மா? மூணு ஜீப்பு அனுப்பாதன்றாரு." கௌசல்யாவுக்கு உடனே புரிந்தது. ஊரில் யாருக்குத்தான் அந்தக் கதை தெரியாது.

கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தோம். காத்திருப்பது எனக்குப் பழகிய வேலைதான்; அன்றைக்கு மட்டும் புதுசாக இருந்தது. அப்புறம் மூட்டம் ஒரு கை அளவு விலகியிருக்க வேண்டும், டிஷ்ஷின் பச்சை விளக்கு நின்று எரிந்தது. கீழே இருந்து, "சேந்துடுச்சாம்!" என்று மாமா குரல். இந்த ஒரு தடவை அவர் கேக்குதா என்று கேட்க மறந்துவிட்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, மாத்திரை கொடுத்துப் படுக்க வையுங்கள், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு ஈசிஜி எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் எடுத்தார்கள், அதுவும் போய்ச் சேர்ந்தது. ராத்திரி இறக்க வேண்டாம், காலையில் பஸ்ஸில் வந்து நேரில் காட்டட்டும் என்றார். பொன்னம்மா அப்போதுதான் வாசலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். மாணிக்கம் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என் நெஞ்சு மட்டும் ரெண்டு தரம் கீழ போய்ட்டு வந்துடுச்சிணா. வண்டிக்காரன் நான் இங்கியே கீறேன்."

கடைசிப் பதில்

முதலாளிக்கு உடனே எழுதினேன்: இரண்டு ஈசிஜியும் முழுசாகச் சேர்ந்தது. பதில் இல்லை. அவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா? பார்த்து, சரி என்று அவர் அனுப்பி, அது வழியில் சிந்தியிருந்தால்? அவர் சரி என்றது எனக்கு வந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் வந்தது என்று சொன்னால், அது வந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்படியே போனால் வெள்ளையன் மாமாவும் குமாரும் பேசும் போன்தான். எங்கள் தொழிலில் இதற்கு மருந்து கிடையாது. கடைசியாகச் சொல்லும் பதிலுக்குப் பதில் கிடையாது. மெஷின்கூட, போதுமான நேரம் காத்திருந்துவிட்டு, சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கடையைக் கட்டிவிடும். எனக்குத்தான் அந்தக் குணம் இன்னும் வரவில்லை. அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா, அங்கே ராத்திரி எல்லாம் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வீட்டு லைனாக மறுபடி போட்டுவிட்டேன். ஊர் தூங்கிவிட்டது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இரண்டு நாள் அப்படியே போயின. மாணிக்கம் திருப்பத்தூருக்குப் போய்க் காட்டிவிட்டு, பீடியை மட்டும் விடச் சொல்லிவிட்டார்கள் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அதற்கடுத்த நாள் காலை, ஷிப்ட் முடிந்து ரூமைப் பூட்டப்போகும் நேரம், ரோட்டில் பஸ் நின்று ஹாரன் அடித்தது. இறங்கிப் போனேன். புளி மூட்டைக்குப் பாஸ் கேட்ட அதே கண்டக்டர், பஸ் மேலேயிருந்து இரண்டு வெள்ளைக் கேன்களை இறக்கி என் காலடியில் வைத்தார். டிஸ்டில் வாட்டர். மூடி சீல் பிரியாமல் இருந்தது. அதைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன். முதலாளி ஏதாவது சொல்லியனுப்பினாரா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலணா. மாசா மாசம் ஏத்திவுடச் சொன்னாரு, அவ்ளோதான்."

கேன் வந்து சேர்ந்தது என்று முதலாளிக்கு எழுதினேன். வழக்கம்போல் பதில் இல்லை. வாயால் பதில் சொல்லத் தெரியாதவர்களும் எப்படியோ பதில் சொல்லிவிடுகிறார்கள், நாம்தான் இன்னும் இரண்டு மடங்கு நேரம் காத்திருந்து தொலைக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, ரூமுக்குத் திரும்பி, புனலைத் துடைத்து, முதல் பேட்டரியின் மூடியைத் திருகினேன்.